நம்ம கம்பெனிக்காரர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் இல்லை. அவருக்குக் கோபமே வராது. என் கோபத்தில் பாதி அதனால்தான். பெயரைப் போட்டால் யாராவது கம்பெனியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாங்கள் ஒன்றாக வேலை செய்த காலமாக இருந்தால், "எதுக்கும்மா, நம்ம கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு" என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டிருப்பார்.

எல்லோருக்கும் அவர் பாய்லர் அண்ணன். சித்தூர் ரோட்டில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஃபாக்டரி. கூழைக் கொதிக்க வைக்க ஆவி வேண்டும், ஆவிக்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு அவர் வேண்டும். நான் லேபில் கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்துகொண்டிருந்தவள். கம்பெனி பஸ் நகரியில் அவரை ஏற்றிக்கொண்டு புத்தூர் வரும்; அங்கே நான் ஏறுவேன். எனக்காக ஜன்னலோர சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பார். பாய்லர் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்தும் கத்தித்தான் பேசுவார், பஸ்ஸில் எல்லோருக்கும் எங்கள் வீட்டுக் கதை தெரியும்.

அவர் வாயில் எதற்கெடுத்தாலும் 'நம்ம' வரும். நம்ம பாய்லர், நம்ம கேட்டு, நம்ம லாரி, நம்ம எம்.டி. தெலுங்கில் பேசினால் 'மன'. எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்தில் காலையில் தமிழ், மதியம் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். தமிழில் 'நம்ம' என்பதும் 'எங்க' என்பதும் எப்படி வேறு வேறோ, அப்படித்தான் தெலுங்கில் 'மன'வும் 'மா'வும். கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டால் 'மன', வெளியே நிறுத்தினால் 'மா'. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மொழிக்காரர்களும் ஏமாறவே மாட்டோம். அவர் ஏமாந்தார்.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆளிடம், "நம்ம கம்பெனி கூழு துபாய்க்குப் போவுது, தெரியுமா?" என்பார். அந்த ஆள் எங்கே இறங்குவதென்று யோசித்துக்கொண்டிருப்பான். சீசனில் ஃபாக்டரிக் கழிவுத் தண்ணீர் ஓடைக்குப் போய் ஊரே நாறும். ஒரு தடவை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நாலு விவசாயிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நழுவியிருப்பார்கள். இவர் போய் நடுவில் நின்று, "நம்ம நாத்தம்தாம்பா. ரெண்டு மாசம் பொறுத்துக்கோங்க" என்றார். சிரிப்பு வந்து அவர்கள் சண்டையை மறந்துவிட்டார்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். கம்பெனியின் நாற்றத்தில்கூடப் பங்கு கேட்ட மனிதர் அவர்.

கேட்டுக்கு மேலே கம்பெனியும் ஒரு போர்டு மாட்டியிருந்தது. 'இதி மன குடும்பம்'. இது நம்ம குடும்பம் என்று தெலுங்கில், பெரிய எழுத்தில். அந்தப் போர்டைப் படித்து நம்பியவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். எழுதிக் கொடுத்தவன்கூட நம்பியிருக்க மாட்டான்.

ஒரு வருஷம் சம்பளம் கொஞ்சம் ஏறியது. ஏறியதும் ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பைத் தாண்டிவிட்டார், அதிலிருந்து பெயர் போயிற்று. பதிலுக்குக் கம்பெனியே எடுக்கும் குரூப் இன்ஷூரன்சில் சேர்த்து, அவருக்கும் மனைவிக்கும் பிளாஸ்டிக் கார்டு கொடுத்தார்கள். மறுநாள் நகரியிலிருந்து ஜாங்கிரி வாங்கி வந்து பஸ்ஸில் எல்லோருக்கும் கொடுத்தார். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பெஞ்சில் காத்திருக்க வேண்டாம், திருப்பதியில் ஏ.சி. போட்ட ஆஸ்பத்திரிக்கே போகலாம், கார்டைக் காட்டினால் போதும், நம்ம கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று டிரைவர் வரைக்கும் விளக்கினார். வேலையில் இருக்கிற வரைக்கும்தான் அந்தக் கார்டுக்கு உயிர் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கே தெரியாதபோது நான் எங்கே சொல்வது? ஜாங்கிரி நன்றாக இருந்தது. இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். நகரியில் பவர்லூம் ஓடும் தெருவில் வீடு. காலையிலிருந்து தறிச் சத்தம் கேட்கும். அக்கா பக்கத்து வீட்டுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, இருவர் மட்டும்தான். அக்காவுக்குக் கேலி அதிகம். ஒரு நாள் எனக்குத் தட்டில் போண்டா வைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க அண்ணன் பேசறத கவனிச்சியா? கம்பெனின்னா 'நம்ம கம்பெனி'. நானுன்னா 'எங்க வூட்ல'. அந்த பாய்லருக்குத்தான் தாலி கட்டிக்கினு வந்திருக்குது." அண்ணன் காது கேட்காத மாதிரி போண்டா தின்றுகொண்டிருந்தார். சில சமயம் அந்தக் காது அவருக்கு வசதியாக இருந்தது.

அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது முதலில் நூல் தூசி என்றார்கள். மாங்காய் வரத்து தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் திருப்பதியில் காட்டினார்கள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, மாற்ற வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு இதுவே போதும் என்று கவுன்ட்டரில் சொல்லியும் அனுப்பினார்கள்.

மறுநாள் பஸ்ஸில் அவர் பயப்படவே இல்லை. வால்வு என்ற சொல் அவருக்குப் பழகிய சொல். பயம் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. "வால்வு லீக்தான்மா. மாத்திட்டா புதுசாயிடும்" என்றார், பாய்லர் கேஸ்கெட் மாற்றுவதைச் சொல்வது போல. எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். சீசன் முடியட்டும் என்றார். தோத்தாபுரி மாங்காய் வரத் தொடங்கிவிட்டதாம், டிராக்டர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நிற்கின்றனவாம், இந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் நம்ம பாய்லரை யார் பார்ப்பது என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் பஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பாய்லரில் ஒரு வால்வு ஒழுகினால் அந்த நிமிஷமே நெருப்பை இழுத்துப் போட்டு அணைத்துவிடுகிற மனிதர். எம்.டி.யே வந்து லோடு கெடுகிறது என்று நின்றாலும், வால்வை மாற்றாமல் தீ வைக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். வீட்டு வால்வுக்கு மட்டும் சீசன் முடியட்டும். இதைச் சொன்னேன். நம்ம கம்பெனி எங்கேயும் ஓடிவிடாது, கார்டும் எங்கேயும் ஓடிவிடாது என்றார். அக்காவிடம் போனில் சண்டை போட்டேன். "அந்தாளு பாவம், கத்தாத. நானு பொறுத்துக்குவேன்" என்றார் அக்கா, பாதிப் பாதியாக மூச்சு விட்டுக்கொண்டு.

சீசன் நடுவில் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. கேன்டீனில் விழா வைத்தார்கள். சால்வை, மாலை, ஒரு சுவர்க் கடிகாரம். ஹெச்.ஆர். மேனேஜர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர், நன்றாகப் பேசுவார். அண்ணனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "எப்புடைனா மீரு மன மனிஷே அன்னா" என்றார். எப்போதும் நீங்க நம்ம மனுஷர்தான் என்று. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்களும் கை தட்டினோம். கை தட்டி முடிவதற்குள், நாளைக்கு வழக்கம்போல வந்துவிடுங்கள், இந்தச் சீசன் முடியும்வரை நீங்கள் இல்லாமல் முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் அதே பஸ், அதே சீட், அதே பாய்லர், அதே எண்ணெய்க் கறைச் சட்டை. ஒன்றுதான் மாறியிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பட்டை நீலமாக இருந்தது, மஞ்சளாகிவிட்டது. "கலர மாத்திட்டாங்க, மாம்பழம் மாதிரி நல்லாத்தான் இருக்குது" என்று எனக்குக் காட்டினார். மஞ்சள் பட்டை கான்ட்ராக்டர் ஆட்களுக்கு. அவர் கம்பெனியை விட்டுக் கான்ட்ராக்டரிடம் போய்விட்டார், ஒரு அடிகூட நகராமல். கம்பெனிக் கணக்கில் அவர் வேலையை விட்டவர். பாய்லருக்கு முன்னால் அவர் வேலையில் இருப்பவர். இன்ஷூரன்சுக்குக் கம்பெனிக் கணக்குதான் தெரியும்.

ஆடி முடிந்து வரத்து நின்றது. கடைசி லோடு கொதித்த மறுநாள், பையில் துணி, பிளாஸ்க், பிளாஸ்டிக் கார்டு எல்லாம் எடுத்துக்கொண்டு அக்காவைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கவுன்ட்டரில் கார்டு எண்ணைப் போட்டுப் பார்த்த பெண் திரும்பத் திரும்பப் போட்டாள். வரவில்லை. எனக்குப் போன் செய்தார். கார்டில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கும் போல, துடைத்துக் கொடுத்தும் எடுக்கவில்லை என்றார். நான் லேபில் நின்றுகொண்டிருந்தேன். அந்த மஞ்சள் பட்டை ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அவரைக் கூட்டிக்கொண்டு ஹெச்.ஆர். மேனேஜர் அறைக்குப் போனேன். மேனேஜர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆபரேஷன் ஒன்று முடிகிறவரைக்குமாவது கார்டை நீட்டித் தர முடியாதா என்று கேட்டேன். அண்ணன் வேலையை விட்டுப் போனவர் இல்லையே, அந்த மஞ்சள் பட்டையோடு முந்தாநாள்வரை பாய்லர் ஓட்டியவர்தானே என்றும் கேட்டேன். மேனேஜர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்: "அதி மா பாலசி அன்னா. மீரு இப்புடு மா எம்ப்ளாயி காது கதா."

அது எங்க பாலிசி அண்ணா. நீங்க இப்போ எங்க எம்ப்ளாயி இல்லையே. சால்வை போட்டுப் பேசிய அதே வாய். கேட்டில் போர்டு மாட்டிய அதே கம்பெனி. 'மன' போய் 'மா' வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இரண்டு மொழியும் பேசுகிறவருக்கு அதை விளக்கவா வேண்டும்? அண்ணன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். காது கேட்கவில்லையோ என்று மேனேஜர் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

குரூப் பாலிசியை விட்டு வெளியே போகிறவர், போவதற்கு முன்பே எழுதிக் கொடுத்தால், அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சொந்தப் பெயரில் பாலிசியாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த அறையில் மேனேஜர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிரீமியத்தை நாமே கட்ட வேண்டும். ஆனால் பழைய நோய் என்று சொல்லி முதலிலிருந்து காத்திருக்க வைக்க மாட்டார்களாம். அதற்கான நாள் எப்போதோ தாண்டிவிட்டதாம். ஏன் அவருக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லோருக்கும் இங்கிலீஷில் மெயில் போட்டிருக்கிறோமே என்றார். பாய்லருக்கு முன்னால் நெருப்பில் நிற்கிற மனிதருக்கு மெயில். அவரிடம் இருந்தது பட்டன் போன். சால்வை போடத் தெரிந்தவர்களுக்கு, தோளில் கை போட்டு இரண்டு மொழியில் பேசத் தெரிந்தவர்களுக்கு, இந்த ஒரு வாக்கியத்தைக் காதில் சொல்லத் தெரியவில்லை. பாதிக் காது என்றாலும் அது கேட்டிருக்கும். பிரீமியத்துக்கு அக்கா கழுத்தில் கிடப்பதைக் கழற்றியாவது கட்டியிருப்பார்.

வெளியே வந்ததும் அவர் பாய்லர் பக்கம் திரும்பினார். எங்கே போகிறீர்கள் என்றேன். சீசன் முடிந்து குழாய்களைச் சுத்தம் செய்யாமல் விட்டால் துரு பிடித்துவிடும் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அங்கேயே ரோட்டில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். கம்பெனியைத் திட்டினேனா அவரைத் திட்டினேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திட்டி முடித்த பிறகு கேட்டார், இப்போதும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது: "நானு எப்பம்மா நின்னுக்கினேன்? ஒரு நாளும் நின்னுக்கலியே. தெனமும் வந்துக்கினுதானே இருந்தேன்?"

அன்றைக்கும் அவர் போய்க் குழாய்களைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வந்தார்.

புதிதாக இன்ஷூரன்ஸ் எடுக்கலாம் என்று அலைந்தோம். வயதைக் கேட்டார்கள், வால்வைக் கேட்டார்கள், சில வருஷம் கழித்து வரச் சொன்னார்கள். வால்வுக்கு அது தெரியுமா? சம்பளக்காரர் வீடு என்று அரசாங்க இலவச மருத்துவத் திட்டத்தில் அவர்கள் பெயர் இல்லை. வேலை போனது என்று காட்டித் திரும்பச் சேர்ப்பதற்கு ஆபீஸ் ஆபீசாகத் தெலுங்கில் மனு எழுதிக் கொடுத்தேன். பெயர் ஏறிய பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை. அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தபோது அடுத்த மாம்பூ பூத்துவிட்டது. டாக்டர் நல்லவர், ஒளிக்காமல் சொன்னார். வால்வு சரியாகிவிட்டது, ஆனால் இத்தனை மாதம் கூடுதலாக இழுத்ததில் இதயமே பெருத்துத் தளர்ந்துவிட்டது, போனது திரும்பாது என்றார். முன்பே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நானும் அந்த வேலையை விட்டேன். விடும்போது முதல் காரியமாக, என் இன்ஷூரன்சைச் சொந்தப் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் ஆச்சரியப்பட்டார். இதுவரைக்கும் இதை யாரும் கேட்டதே இல்லை என்றார். நல்ல மனிதர்போலச் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டை விட்டு வெளியே வந்து போர்டைப் பார்த்துக் காறித் துப்பினேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது திருப்பதியில் ஒரு பால் கம்பெனி லேபில் இருக்கிறேன். லீவு கிடைத்தால் நகரிக்குப் போய்விட்டு வருவேன். போன சீசன் தொடக்கத்தில் போயிருந்தேன். அக்கா இப்போது நூல் சுற்றுவதில்லை. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நடுவில் ஒரு முறை உட்கார வேண்டும், அதற்கென்று ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார் அண்ணன். காய் நறுக்குவது, சோறு வடிப்பது எல்லாம் அவர்தான். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, உப்புப் போட்டாயா என்று உள்ளே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கேலி குறையவில்லை, ஆனால் ஒரு கேலியை முடிக்க இரண்டு மூச்சு ஆகிறது.

அண்ணன் போன் அடித்தது. காதுக்காக எப்போதும் ஸ்பீக்கரில்தான் போட்டுப் பேசுவார். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஹெச்.ஆர். மேனேஜர். எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார், அக்காவைக்கூட விசாரித்தார். புது ஆள் சீசன் நேரத்தில் சொல்லாமல் வேறு ஃபாக்டரிக்குப் போய்விட்டானாம். டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நிற்கின்றனவாம். "மன பாய்லர்கி மனிஷி லேடு அன்னா. மீரே ராவாலி" என்றார். நம்ம பாய்லருக்கு ஆள் இல்லை, நீங்களே வர வேண்டும் என்று.

போனைப் பிடுங்கி நாலு கேட்க வேண்டும் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அரிவாள்மனையில் பாதி நறுக்கிய கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், எப்போதும் பேசுகிற மரியாதையோடு, "மீ பாய்லர்கா சார்?" என்று கேட்டார். உங்க பாய்லருக்கா? "நேனு ரானு சார்" என்று வைத்துவிட்டார். நான் வர மாட்டேன் என்று.

ஸ்டூலில் இருந்த அக்காவுக்குத் தறிச் சத்தத்தில் ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. யார் போனில் என்று கேட்டார்.

"யாரோ. எங்கியோ ஒரு பாய்லருக்கு ஆளு வேணுமாம்" என்றார் அவர், கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு.